லியூஹே கோபுரம்: வெளியே எண்ணினால் 13, உள்ளே ஏறினால் 7. எது அசல்?

செங்கல்சூளை:
துணி கொள்முதல் விஷயமாகச் சீனத்தில் ஷாவ்ஷிங் பக்கம் கெச்சியாவ் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்புவதற்கு முன்னால் ஒரு நாள் சும்மா கிடைத்தது. பக்கத்து ஊர் ஹாங்சோ. அங்கே போகிறவர்கள் எல்லாம் மேற்கு ஏரியில் படகு ஏறுவார்கள். எனக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. அதனால் நகரத்துக்குத் தெற்கே, சியான்டாங் ஆற்றின் வடகரையில் இருக்கிற லியூஹே கோபுரத்துக்குப் போனேன்.

யுவேலுன் என்று ஒரு குன்று. 'நிலா வட்டக் குன்று' என்று அர்த்தமாம். அதன் ஆற்றுப் பக்கச் சரிவில் கோபுரம். எட்டுப் பட்டை. கறுத்த ஓட்டுக் கூரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு கூரையின் மூலையிலும் ஓர் இரும்பு மணி. நின்று கூரைகளை எண்ணினேன்: பதின்மூன்று. ஏறுவதற்குத் தனிச் சீட்டு வாங்கி உள்ளே போனால், ஏழாவது மாடியோடு படி முடிந்துவிட்டது. இறங்கி வந்து மறுபடி எண்ணினேன். பதின்மூன்றேதான்.

மீதி ஆறு மாடி எங்கே? கூட வந்த வழிகாட்டிப் பையன் "970-ல் கட்டியது, அன்றிலிருந்து அப்படியே இருக்கிறது" என்று அடித்துச் சொன்னான். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை சூளை போட்டவர்கள். உள்ளே இருக்கிற செங்கல் பழசு, அதில் சந்தேகமில்லை. ஆனால் வெளியே இருக்கிற மரம் அவ்வளவு பழைய மரமாக எனக்குத் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதியச்சோறு:
தலைப்பில் 'பகோடா' என்று போடாமல் 'கோபுரம்' என்று போட்டதற்குக் கோடி நன்றி. போன தடவை பர்மா இழையில் நாலு பக்கம் விவாதம் ஓடியது, எனக்கு வெங்காய வாசனைதான் வந்துகொண்டிருந்தது.

திண்ணைத்தாத்தா:
சூளைக்காரத் தம்பி, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அந்தப் பையன் சொன்ன 970 பொய் இல்லை. ஆனால் நீங்கள் ஏறியது 970-ல் கட்டிய கோபுரம் இல்லை.

பத்தாம் நூற்றாண்டில் அந்தப் பகுதி வூயுவே என்ற சிறு நாடு. தலைநகர் ஹாங்சோ. கடைசி அரசன் சியான் சூ. புத்த மதத்தில் அபாரப் பிடிப்பு உள்ளவன். அசோகர் 84,000 தூபி எழுப்பிய கதையைக் கேட்டு, அதே எண்ணிக்கையில் கையடக்க உலோகத் தூபிகள் வார்த்து ஊர் ஊராக அனுப்பியவன். அவற்றில் சில ஜப்பான் வரை போயிருக்கின்றன. 970-ல் தன்னுடைய தெற்குப் பழத்தோட்டத்தைக் கொடுத்து, அங்கே ஒரு கோபுரம் கட்டச் சொன்னான். எதற்கு? ஆற்றில் வருகிற பேரலையை அடக்க.

வேலையை மேற்பார்த்தவர்கள் இரண்டு துறவிகள், யென்ஷோவும் ஸான்னிங்கும். இரண்டு பேரும் சாமானியர்கள் இல்லை. ஸான்னிங் பின்னாளில் சோங் வம்சப் பேரரசரின் ஆணைப்படி துறவிகளின் வரலாற்றைத் தொகுத்தவர். யென்ஷோ நூறு பாகத்தில் பௌத்தக் கலைக்களஞ்சியம் மாதிரி ஒன்று எழுதியவர். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு: இளம் வயதில் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தபோது, கஜானாப் பணத்தை எடுத்துச் சந்தையில் உயிரோடு இருந்த மீனையும் இறாலையும் வாங்கி ஆற்றில் விட்டாராம். மரண தண்டனை. கொலைக்களத்திலும் முகம் மாறாமல் நின்றதைப் பார்த்து அப்போதைய அரசன் விட்டுவிட்டானாம். மீனை ஆற்றில் விட்ட ஆள்தான் பிறகு அந்த ஆற்றை அடக்கக் கோபுரம் கட்ட வந்தார்.

அந்த முதல் கோபுரம் ஒன்பது மாடி. உச்சியில் விளக்கு எரியும். இரவில் ஆற்றில் வரும் கப்பல்களுக்கு அதுதான் கலங்கரை விளக்கம். அது நின்றது நூற்றைம்பது வருடம். 1121-ல் ஃபாங் லா என்பவன் சோங் அரசை எதிர்த்து நடத்திய கலகத்தின்போது எரிந்து போனது.

பிறகு ஹாங்சோவே தென் சோங் அரசின் தலைநகர் ஆனது. 1152-ல் பேரரசர் காவ்சோங் மறுபடி கட்டச் சொன்னார். ஜீதான் என்ற துறவி முன்வந்து, அரசுப் பணம் ஒரு காசு வேண்டாம், நானே திரட்டிக்கொள்கிறேன் என்று பொறுப்பை ஏற்றார். நன்கொடை வாங்கி, கூடவே நின்று வேலை பார்த்து, 1163 வாக்கில் முடித்தார். ஏழு மாடி. உங்கள் கை பட்ட செங்கல் அதுதான்.

மரம்? அது 1900.

செங்கல்சூளை:
1900-ஆ! எங்கள் ஊர்ப் பழைய பங்களாக்களின் வயதுதான் ஆகிறது. வழிகாட்டிக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம் போல.

தாத்தா, லியூஹே என்றால் என்ன அர்த்தம்? பையன் 'ஆறு இணக்கம்' என்றான். ஆறு பேர் சண்டையைத் தீர்த்த கதையோ என்று நினைத்துக்கொண்டேன்.

திண்ணைத்தாத்தா:
கிட்டத்தட்ட அப்படித்தான். சண்டை வராமல் இருக்கத் துறவிகளுக்கு வைத்த ஆறு விதி: ஒன்றாகத் தங்கு, வாய்ச்சண்டை போடாதே, மனசு ஒத்திரு, ஒரே ஒழுக்கத்தைக் கடைப்பிடி, ஒரே கருத்தில் நில், கிடைத்ததைச் சமமாகப் பங்கு போடு. கடைசி விதிதான் மடத்திலும் வீட்டிலும் கஷ்டம். இன்னொரு விளக்கமும் உண்டு. வானம், பூமி, நாலு திசை, ஆக ஆறு. உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு.

ஊர்க்கதையில் லியூஹே ஒரு பையன் பெயர். மீனவன் மகன். அப்பாவை ஆறு கொண்டுபோனது, பிறகு அம்மாவையும் அலை இழுத்துக்கொண்டது. பையன் குன்றின் மேல் உட்கார்ந்து நாற்பத்தொன்பது நாள் ஆற்றுக்குள் கல்லாக வீசினான். நாகராஜனின் மாளிகை ஆட்டம் கண்டுவிட்டது. கடைசியில் நாகராஜனே வந்து, அம்மாவைத் திருப்பிக் கொடுத்து, இனி அலையை அளவோடு விடுகிறேன் என்று ஒப்பந்தம் பேசினானாம்.

சிவில்காரன்:
ஆறு மாடி எங்கே போச்சு என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே. நான் சொல்கிறேன். போன வேலையில் பாரம்பரியக் கட்டடப் பராமரிப்பில் இருந்ததால் இந்தக் கோபுரத்தின் வரைபடங்களை ஒரு காலத்தில் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

இதைக் குழாய்க்குள் குழாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சின்ன அறை. அதைச் சுற்றி உள்சுவர். பிறகு சுற்றி வருகிற நடை. பிறகு வெளிச்சுவர். மாடிப்படி உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் ஏறும். கீழ்த்தளத்தில் வெளிச்சுவரின் கனம் மட்டும் 4.12 மீட்டர். வாசல் என்று நீங்கள் நுழைந்தது உண்மையில் ஒரு குகைப்பாதை. இவ்வளவும் செங்கல், இவ்வளவும் தென் சோங் காலம், இவ்வளவும் ஏழு மாடி.

அந்தச் செங்கல் உடம்புக்கு வெளியே 1900-ல் மரத்தால் ஒரு சட்டை மாட்டினார்கள். அந்தச் சட்டைக்குப் பதின்மூன்று மடிப்பு. அதில் ஏழு மடிப்பு உள்மாடிகளோடு சேர்கிறது, அங்கெல்லாம் நீங்கள் வெளியே வந்து நிற்கலாம். மீதி ஆறு வெறும் கூரை. உள்ளே தளம் கிடையாது. சீனத்தில் இதை 'ஏழு வெளிச்சம், ஆறு இருட்டு' என்பார்கள்.

மணி: 13 கூரை, கூரைக்கு 8 மூலை, 104. எண்ணிப் பார்க்கவே வேண்டாம், பெருக்கினால் போதும். உயரம் 59.89 மீட்டர்.

இன்னொன்று. முதல் கோபுரம் 'ஐம்பது ஜாங்குக்கு மேல்' உயரம் என்று பழைய பதிவுகளில் வரும். சோங் காலத்து ஜாங் ஏறக்குறைய 3.1 மீட்டர். அப்படியானால் 150 மீட்டருக்கு மேல். இதை நான் நம்பமாட்டேன். சீனத்தில் இன்று நிற்கிற பழைய கோபுரங்களில் மிக உயரமானது திங்சோவில் 1055-ல் முடித்தது, அதுவே 84 மீட்டர்தான். யிங்சியனில் முழுக்க மரத்தால் 1056-ல் கட்டியது 67 மீட்டர். அதைப் போல இரண்டு மடங்கு உயரத்தில், அதற்கு எண்பது வருடம் முன்னால், ஆற்றங்கரைக் காற்றில் ஒன்பது மாடி நின்றது என்றால் கணக்கு உதைக்கிறது.

மதியச்சோறு:
அந்தக் காலத்துப் புலவர்கள் அளவுகோல் வைத்துக்கொண்டா எழுதினார்கள். ஆற்றில் கப்பலில் வருகிறவனுக்கு அது ஐம்பது ஜாங் மாதிரிதான் தெரிந்திருக்கும்.

கறார்கண்ணாடி:
சிவில்காரன் சொன்ன 'சட்டை'யைப் பற்றி யாராவது வெளிப்படையாகப் பேசுங்கள். அது அசிங்கம். நான் சொல்லவில்லை, லியாங் ஸுசெங்கே 1934-ல் நேரில் வந்து அளந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார். சீனக் கட்டடக்கலை வரலாறு என்ற துறையையே உண்டாக்கிய ஆள் அவர். ஜெஜியாங் மாகாண அரசு கோபுரத்தைப் பழுதுபார்க்க யோசனை கேட்டுக் கூப்பிட்டது. அவர் பழுதுபார்க்கும் யோசனையைத் தராமல், சட்டையைக் கழற்றிவிட்டு சோங் காலத்து ஏழு மாடி வடிவத்துக்கே திருப்பிவிடலாம் என்று முழுத் திட்டம் வரைந்து 1935-ல் வெளியிட்டார்.

அவர் கையில் ஆதாரமும் இருந்தது. 1103-ல் சோங் அரசு வெளியிட்ட 'யிங்ஸாவ் ஃபாஷி' என்ற கட்டடக்கலைக் கையேட்டில் சொன்ன வடிவங்களும் கோபுரத்துக்குள் செங்கல்லில் செதுக்கியிருக்கிற வடிவங்களும் ஒத்துப்போயின. உள்ளே இருக்கிற ஏழு மாடியின் அளவுகளை வைத்து வெளிக்கூரை எப்படி இருந்திருக்கும் என்று அவரால் கணிக்க முடிந்தது.

திட்டம் காகிதத்தோடு நின்றுவிட்டது. சீக்கிரமே போர். இன்று சுற்றுலாக்காரர்கள் பதின்மூன்று மாடி என்று ஏமாந்து, குண்டாக ஒன்றைப் படம்பிடித்துவிட்டுப் போகிறார்கள். ஏழு மாடிக் கோபுரத்துக்கு இருக்கவேண்டிய நிமிர்வு இதில் இல்லை. கூரைகளை நெருக்கி அடுக்கியதால் அடுக்கிவைத்த தொப்பிகள் மாதிரி இருக்கிறது.

செங்கல்சூளை:
எனக்குத் தொப்பியாகத் தெரியவில்லை. ஆற்றுப் பக்கமிருந்து பார்த்தால் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் நான் துணி வியாபாரி. சட்டை நன்றாக இருந்தால் உள்ளே யார் என்று கேட்கமாட்டேன்.

திண்ணைத்தாத்தா:
கறார்கண்ணாடி, லியாங் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சட்டையைப் போட்டவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிமரம் எல்லாம் எரிந்து, இற்று, வெறும் செங்கல் கட்டை மட்டும் குன்றின் மேல் நின்றது. ஜூ ஜி என்ற ஓய்வுபெற்ற அதிகாரி, ஹாங்சோக்காரர், சொந்தப் பணத்தைப் போட்டு வேலையை ஆரம்பித்தார். சாகப்போகிற வயதில். 1900-ல் முடிந்ததுதான் நீங்கள் பார்க்கிற பதின்மூன்று கூரை. அவரிடம் சோங் காலத்துக் கையேடு இல்லை, லியாங் மாதிரி அமெரிக்காவில் கட்டடக்கலை படிப்பும் இல்லை. மழை உள்ளே போகக்கூடாது, அவ்வளவுதான்.

அப்படிச் சட்டை போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஊரில் சாட்சி இருக்கிறது. மேற்கு ஏரிக்கரை லெய்ஃபெங் கோபுரம். அதையும் கட்டியது இதே சியான் சூதான், ஐந்தாறு வருடம் கழித்து. மிங் காலத்தில் ஜப்பானியக் கடற்கொள்ளையர்கள் வந்தபோது அதன் மரம் எரிந்தது. யாரும் திருப்பிப் போடவில்லை. சிவந்த செங்கல் தூணாக மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. அதன் செங்கல் ஒரு துண்டு வீட்டில் இருந்தால் ஆண்பிள்ளை பிறக்கும், பட்டுப்புழு செழிக்கும் என்று ஊரில் நம்பிக்கை. ஆளுக்கொரு கல்லாக அடியிலிருந்து உருவிக்கொண்டே போனார்கள். 1924 செப்டம்பர் 25 அன்று மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. இடிந்த பிறகு பார்த்தால், துளை போட்ட செங்கல்களுக்குள் 975-ம் வருடம் அச்சிட்ட சூத்திரச் சுருள்கள்! இன்று அங்கே நிற்கிறது 2002-ல் எஃகில் கட்டிய புதுசு.

லியூஹே கோபுரத்தின் செங்கல் பிழைத்ததில் அந்த 'அசிங்கமான' சட்டைக்கும் பங்கு உண்டு.

கறார்கண்ணாடி:
லெய்ஃபெங் விழுந்தது மழையால் இல்லை, கல் திருடியதால். நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

சிவில்காரன்:
இரண்டும்தான். வெளியே மரக்கூரை இருந்திருந்தால் யாரும் கூசாமல் கடப்பாரை வைத்திருக்க மாட்டார்கள். கூரை இல்லாத கட்டடத்தைச் சொந்தக்காரன் இல்லாத கட்டடம் என்றுதான் ஜனங்கள் எடுத்துக்கொள்வார்கள். பழைய சத்திரங்களில் நான் பார்த்திருக்கிறேன்: ஓடு போன அடுத்த வருடம் கதவு போகும், அதற்கடுத்த வருடம் கல் போகும்.

ஆனால் கறார் சொல்வதில் ஒன்று சரி. பதின்மூன்று என்ற எண்ணுக்கு ஆதாரமே கிடையாது. 1751-ல் சியான்லோங் பேரரசர் வந்து ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்தார். நாலு நாலு எழுத்து. ஒவ்வொன்றும் அந்த மாடியின் எண்ணில் தொடங்கும். முதலாவது 'முதல் நிலை உறுதி' என்கிற மாதிரி. ஐந்தாவதில் ஐந்து நிற மேகங்கள் குடையைத் தாங்கும், ஆறாவதில் ஆறு பெருங்கடலாமைகள் சுமக்கும், ஏழாவது ஏழு ரத்தினங்களின் அலங்காரம். ஏழோடு முடிந்துவிட்டது. அவர் எட்டு எழுதவில்லை.

நாணல்:
நடுவில் வருகிறேன். எல்லாரும் கட்டடத்தையே பேசுகிறீர்கள், எதற்காகக் கட்டினார்களோ அதை விட்டுவிட்டீர்கள். அந்த அலை!

நான் இரண்டு வருடம் ஹாங்சோவில் படித்தேன். சீன எட்டாம் மாதம் பதினெட்டாம் நாள் ஊரே ஆற்றங்கரைக்கு வரும். ஹாங்சோ விரிகுடா புனல் மாதிரி. கடல் வாயில் நூறு கிலோமீட்டர் அகலம், உள்ளே வர வர குறுகி, ஹைநிங் பக்கம் வரும்போது சில கிலோமீட்டர்தான். போதாததற்கு ஆற்றடியில் மணல் திட்டு மேடாகக் கிடக்கிறது. கடலிலிருந்து ஏறி வருகிற ஓதம் அகலத்திலும் இடமில்லாமல், ஆழத்திலும் இடமில்லாமல், சுவராக எழுந்து ஆற்றை எதிர்த்து ஓடி வரும். பௌர்ணமி முடிந்து இரண்டு மூன்று நாளில் உச்சம், அதனால்தான் பதினெட்டு.

நல்ல கூட்டம் ஹைநிங்கில்தான். அங்கே அலை உயரம். எனக்குப் பிடித்தது லியூஹே குன்றுதான். ஹைநிங்கைத் தாண்டி அலை இங்கே வந்துசேர இன்னும் நேரமாகும், வரும்போது பாதி பலம்தான் இருக்கும். முதலில் ஒன்றும் தெரியாது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் கடல் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு தூரத்தில் லாரி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஆற்றின் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று, யாரோ சாக்பீஸால் இழுத்த மாதிரி. அந்தக் கோடு நம்மைத் தாண்டியதும் பார்த்தால், ஆறு எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கும். அதை முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது.

கோபுரத்தால் அலை அடங்கவில்லை என்பது தெரிந்ததுதானே. அடக்கியது சுவர். சியான் சூவின் பாட்டனார் சியான் லியூ, 910-ல் கடற்சுவர் கட்டினார். மண்ணைக் கொட்டக் கொட்ட அலை தின்றுவிட்டது. கடைசியில் மூங்கில் கூடை முடைந்து, அதில் கல்லை நிரப்பி அடுக்கி, முன்னால் பெரிய மரக்கம்பங்களை வரிசையாக அடித்து நிறுத்தினார்கள். கூடை வளைந்து கொடுக்கும், உடையாது. அதோடு ஐநூறு வில்லாளிகளை நிறுத்தி அலையின் மேல் அம்பு விடச் சொன்னாராம். ஜனங்களுக்கு அம்புதான் ஞாபகம் இருக்கிறது, கூடை இல்லை.

மதியச்சோறு:
எந்த ஊரிலும் அப்படித்தான். பந்தலில் பேசியவரை ஞாபகம் வைத்திருப்போம், பந்தல் போட்டவரை இல்லை.

பனையோலை:
அலைக்கு அங்கே இன்னொரு பெயர் உண்டு: 'சாவ்ஷின்'. ஷின் என்றால் சொன்ன சொல். சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வருவதால் அலைக்கு அந்தப் பெயர். இது தெரிந்தால்தான் 'சுய்ஹு' நாவலில் வருகிற அந்த இடம் புரியும். சீனத்தின் நான்கு பெரிய பழைய நாவல்களில் ஒன்று அது.

லூ ஜீஷென் என்று ஒரு முரட்டுத் துறவி. குடிப்பான், அடிப்பான், மரத்தை வேரோடு பிடுங்குவான். அவனுடைய குரு பிரியும்போது நாலு வரி சொல்லியிருப்பார். கடைசி இரண்டு வரி, அலையைக் கேட்டு நிறைவாய், ஷின்னைக் கண்டு அடங்குவாய் என்கிற பொருளில். அவனுக்கு எழுத்தும் தெரியாது, அர்த்தமும் தெரியாது. ஃபாங் லாவைத் தோற்கடித்துவிட்டு அவன் இருந்த படை லியூஹே கோயிலில் தங்குகிறது. நடு இரவில் இடி மாதிரி சத்தம். எதிரி முரசு என்று நினைத்துக் கைத்தடியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வருகிறான். அங்கிருந்த துறவிகள் சிரித்து, "அது அலை, இன்று வரவேண்டிய நாள்" என்கிறார்கள். அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. "நிறைவு, அடக்கம் என்றால் என்ன?" என்று கேட்கிறான். "துறவி இறப்பதை அப்படிச் சொல்வோம்" என்கிறார்கள். அவனும் சிரித்து, வெந்நீர் வைக்கச் சொல்லிக் குளித்து, நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்து, உயிரை விடுகிறான்.

திண்ணைத்தாத்தா:
அருமை. ஆனால் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? நாவலில் ஃபாங் லாவைப் பிடித்த பிறகு படை தங்குவது லியூஹே கோபுரத்தில். நிஜத்தில் அந்தக் கோபுரத்தை எரித்ததே ஃபாங் லா கலகம்தான். 1121-ல் அங்கே போயிருந்தால் லூ ஜீஷென் கரிக்கட்டை மேல்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பனையோலை:
தாத்தா! இவ்வளவு வருடமாக அந்த அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன், இது தோன்றவே இல்லை.

நாகைக்காற்று:
இழையை எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நிமிடம் இழுக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'ஹாங்சோ தென் சோங் தலைநகர்' என்று படித்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 1349-ல் எழுதி முடித்த குறிப்பில் ஒரு கடற்கரைச் சமவெளியில் நிற்கும் செங்கல் கோபுரத்தைப் பற்றிச் சொல்கிறார். அதில் சீன எழுத்தில் 'சியென்சுன் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம் வேலை முடிந்தது' என்று இருந்ததாம். சியென்சுன் மூன்று என்றால் 1267. அந்த ஆண்டுக் கணக்கு ஹாங்சோவில் உட்கார்ந்திருந்த தென் சோங் பேரரசருடையது. அந்த இடம் நாகப்பட்டினம் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நாகையில் மூன்று மாடிச் செங்கல் கோபுரம் ஒன்று இருந்தது, மாலுமிகளுக்கு அடையாளமாக. 'சீனக் கோபுரம்' என்றும் அதைச் சொல்வார்கள். வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1846-ல் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். 1867-ல் இடித்துவிட்டார்கள். இது வாங் தாயுவான் சொன்னதா, சோழர் காலத்துப் புத்த மடமான சூடாமணி விகாரத்தின் மிச்சமா என்று சண்டை ஓயவில்லை. எதுவானாலும் எங்களிடம் இப்போது ஒரு செங்கல்கூட இல்லை.

செங்கல்சூளை:
இதைப் படித்ததும் வயிறு என்னவோ செய்கிறது. சட்டையாவது போட்டு வைத்திருக்கலாம்.

கறார்கண்ணாடி:
சரி, சரி. எனக்காகத்தான் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. அது இப்போது நூற்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, 1961-ல் தேசியப் பாதுகாப்புப் பட்டியல் முதன்முதலில் போட்டபோதே கோபுரம் அதில் சேர்ந்துவிட்டது. சட்டையும் வரலாறுதான். வாசலில் 'பதின்மூன்று கூரை 1900, ஏழு மாடி 1163' என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்தால் என் புகார் தீர்ந்தது.

சிவில்காரன்:
பாலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? கோபுரத்தின் காலடியில் ஆற்றைக் கடக்கிறதே, அது மாவோ யீஷெங் என்ற பொறியாளர் கட்டியது. மேலே சாலை, கீழே ரயில், 1453 மீட்டர். 'சியான்டாங்கில் பாலம் கட்டுவது' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் நடக்காத காரியம் என்று அர்த்தம். ஆற்றடி அவ்வளவு வண்டல். மரக்கம்பம் இறங்காமல் நின்றபோது, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மண்ணில் துளை போட்டு இறக்கினார். எஃகுச் சட்டங்களைத் தெப்பத்தில் ஏற்றி, அலை வந்து தண்ணீர் ஏறும்போது தூண்களுக்கு மேலே கொண்டுபோய், தண்ணீர் வடியும்போது அப்படியே உட்கார வைத்தார். அலையை எதிர்த்து அம்பு விட்ட ஊரில் இவர் அலையைக் கொத்தனாராக்கிவிட்டார்.

1937 செப்டம்பரில் திறந்தார்கள். அதே டிசம்பர் 23-ல் ஜப்பானியப் படை நெருங்கியதும் அவரே முன்னின்று வெடிவைத்துத் தகர்த்தார். தெற்குப் பக்கம் ஒரு தூணில் வெடிமருந்துக்கு முன்கூட்டியே குழி விட்டுத்தான் கட்டியிருந்தார். போருக்குப் பிறகு அவரே திரும்ப வந்து சரிசெய்தார்.

நாணல்:
பழைய படங்களில் பாலத்தின் முறிந்த சட்டங்கள் ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கும், பின்னால் கோபுரம் ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும்.

சூளை அண்ணா, உள்ளே செங்கல் சிற்பங்களைப் பார்த்தீர்களா? நிறைய பேர் மேலே ஏறுகிற அவசரத்தில் விட்டுவிடுவார்கள்.

செங்கல்சூளை:
பார்த்தேன் தங்கச்சி, அதைச் சொல்லத்தான் திரும்ப வந்தேன். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு குகைப்பாதையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததால்தான் கண்ணில் பட்டது. முழங்கால் உயரத்தில், பீடத்தின் ஒடுங்கிய பட்டையில், நம் ஸ்தபதிகள் கண்டம் என்று சொல்கிற இடத்தில், வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். மாதுளை வெடித்து முத்து தெரிகிறது. தாமரை. மயில். ஒரு சிங்கம் பந்தை உருட்டுகிற மாதிரி. பெண் முகமும் பறவை உடம்புமாக ஒன்று, இறக்கையை விரித்து.

நம் வீட்டில் செங்கல் அறுத்தவன் என்பதால் சொல்கிறேன். சிலது சுடுவதற்கு முன்னால் ஈரத்தில் அழுத்தியது போல விளிம்பு மழுங்கி இருக்கிறது. சிலதில் உளி பட்ட தடம் நேராக, கூராக இருக்கிறது, அது சுட்ட பிறகு செதுக்கியது போலத்தான் எனக்குப் பட்டது. சுட்ட செங்கல்லில் மாதுளை முத்து செதுக்க, செங்கல் உள்ளே ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு சின்னக் கல் இருந்தாலும் பறவையின் மூக்கு பெயர்ந்துவிடும். எங்கள் சூளையில் அப்படி ஒரு செங்கல் வந்தால் அப்பா அதை விற்காமல் வீட்டுத் திண்ணையில் வைத்துவிடுவார்.

அந்தப் பறவைப் பெண்ணின் முகத்தில் மட்டும் மினுமினுப்பு. வருகிறவர்கள் எல்லாம் தடவியிருக்கிறார்கள் போல. நானும் விரலை நீட்டினேன், பக்கத்தில் இருந்த காவல்கார அம்மா தொண்டையைக் கனைத்தார். எடுத்துவிட்டேன்.

மதியச்சோறு:
அந்தப் பறவைப் பெண்ணைப் படம் எடுத்தீர்களா?

செங்கல்சூளை:
எடுத்தேன். என் கட்டைவிரல் பாதி மறைத்துவிட்டது. மீதிப் பாதியை இரவு ஏற்றுகிறேன்.